ஆகாரிடம் கேட்கப்பட்ட கேள்வி



கருக்கலைப்புச் சட்டம், பெண்ணின் தேர்வுரிமை, கிறிஸ்தவ விசுவாசம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசும் இந்தக் கருத்தரங்கைத் தலைநகரில் கூட்டியிருக்கலாம். கோல சிலாங்கூரில் கூட்டியதற்காக ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி. மலாயாவில் எண்ணெய்ப்பனை முதன்முதல் வணிகப் பயிராக நடப்பட்டது இந்த வட்டாரத்துத் தெனாமாராம் தோட்டத்தில்தான், 1917இல். அதை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் தம் நாட்டின் கொங்கூர் பரிசைப் பெற்றார். இந்தத் தோட்டங்களில் உழைத்த நம் பாட்டிமார்களின் பிரசவங்களும், கலைந்துபோன கர்ப்பங்களும், கலைக்கப்பட்ட கர்ப்பங்களும் லயத்து வாசலில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதோடு நின்றுவிட்டன. ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் அதுவென்றே நான் நினைக்கிறேன்.

முதலில் சட்டம். நம் சபைகளில் பலர், கருக்கலைப்பு மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவப் பணியாளர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. அது சரியல்ல. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி வந்த நம் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 312ஆவது பிரிவு, கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கிய பின் என்றால் ஏழாண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம். ஆனால் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கலைப்பதைவிட அதிக ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் அதைச் செய்யலாம். பாலியல் வன்முறை என்ற சொல் அந்த விதிவிலக்கில் இல்லை. பெண்ணின் விருப்பம் என்ற சொல்லும் இல்லை. முடிவு மருத்துவருடையது.

காகிதத்தில் இப்படி. நடைமுறை வேறு. 2014இல் பினாங்கில், புக்கிட் மெர்தாஜாம் நீதிமன்றம் ஒரு நேப்பாளத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கருக்கலைப்புக்காக ஓராண்டுச் சிறை விதித்தது. குற்றம் சாட்டப்பட்டது, குழந்தை உயிரோடு பிறப்பதைத் தடுக்கும் செயலுக்கான 315ஆவது பிரிவின் கீழ். அவருடைய வயது 24. தங்க இடமும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும் அந்நிய நாட்டுப் பெண் அவர். கர்ப்பமானால் வேலை அனுமதியே போய்விடும். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் தேர்வுரிமையைப் பற்றிப் பேசினால் அவள் எதை நினைத்துக்கொள்வாள்?

என் நம்பிக்கையை நான் மறைக்கப்போவதில்லை. நான் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவள். கருவில் இருப்பது கடவுள் அறிந்த உயிர் என்று நம்புகிறேன். அதைப் பாடும் 139ஆம் சங்கீதம் எனக்கு வெறும் கவிதை அல்ல. திருச்சபையின் மிகப் பழைய போதனை ஏடான டிடாக்கே கருவைக் கொல்லக்கூடாது என்று கற்பித்ததையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் உடல், என் முடிவு" என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது என்று என்னால் ஏற்க முடியாது. அதே உறுதியோடு இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த உயிரைக் காக்க அதன் தாயைச் சிறையில் அடைப்பதை சுவிசேஷத்தில் நான் எங்கும் காணவில்லை.

ஆதியாகமம் 16ஐ எடுத்துப் பாருங்கள். ஆகார் அடிமைப்பெண். அவளுடைய கர்ப்பம், எஜமானி சாராய் தன் கணவன் ஆபிராமைக் கொண்டு செய்த ஏற்பாடு. அவளை யாரும் கேட்கவில்லை. கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். அங்கே தூதன் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். அவளும் பதில் சொல்கிறாள். அதுவரை சாராயோ ஆபிராமோ அவளைப் பெயர் சொல்லி அழைத்ததாக வேதத்தில் இல்லை. அடிமைப்பெண் என்றே குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு தூதன் அவளைத் திரும்பிப் போகச் சொல்வது எனக்கு எப்போதும் நெருடும் இடம். விளக்கம் சொல்லி அதை மழுப்ப மாட்டேன். ஆனால் தன்னைக் காண்கிற தேவன் என்று அவள் கடவுளுக்குப் பெயர் வைப்பது அந்த விசாரிப்புக்குப் பிறகுதான்.

நம் வட்டாரத்தில் யார் இப்படி விசாரிக்கிறார்கள்? தோட்டங்கள் கைமாறி, வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தபின், தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகைகள் போய்விட்டன. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, நல்ல சட்டம். ஆனால் காண்ட்ராக்ட்காரரிடம் நாள்கூலிக்குப் போகும் பெண் அதை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பாள்? முஸ்லிம் அல்லாத பதினாறு வயதுப் பெண்ணுக்கு மந்திரி புசாரின் அனுமதியோடு கல்யாணம் செய்யச் சட்டம் இன்னும் இடம் தருகிறது. வயிற்றில் பிள்ளை என்றதும் அவசரமாக அந்த வழியைத் தேடும் பெற்றோருக்கு நம் போதகர்கள் என்ன ஆலோசனை சொல்கிறார்கள்? நம் பையன் ஒருவன் இந்தோனேசியப் பெண்ணோடு பதிவுத் திருமணம் இல்லாமல் வாழ்ந்தால், பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும். தகப்பன் மலேசியர் என்பது குடியுரிமைக்கு உதவாது. கூட்டரசு நீதிமன்றம் 2021இல் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் இதை உறுதிசெய்தது. பிள்ளையைப் பெற்றுக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்பவர், பள்ளியில் சேர்க்கும் நாளன்று அவளோடு பதிவிலாகாவின் வரிசையில் நிற்க வேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற தன் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022இல் ரத்து செய்தபோது, அந்நாட்டுப் போதகர்களின் முழக்கங்கள் நம் கைபேசிகளுக்கும் வந்தன. அந்தச் சண்டையின் சொற்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்யாதீர்கள் என்று கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கத்தோலிக்க நண்பர்கள் கருக்கலைப்பை எந்நிலையிலும் ஏற்பதில்லை. ஆனாலும், அந்தப் பாவத்தை அறிக்கையிட்டு வருபவரை மன்னிக்கும் அதிகாரம் எல்லாக் குருக்களுக்கும் நீடிக்கும் என்று போப் பிரான்சிஸ் 2016இல் அறிவித்தார். லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளாகிய நாம், கருவைக் கலைத்துவிட்டு வரும் சகோதரியை எப்படி வரவேற்பது என்று எழுத்தில் என்ன வைத்திருக்கிறோம்?

மதிய அமர்வில் மூன்று காரியங்களை முடிவு செய்ய வேண்டுகிறேன். 312ஆவது பிரிவு உண்மையில் என்ன சொல்கிறது என்பதை எளிய தமிழில் அச்சிட்டு எல்லாச் சபைகளுக்கும் அனுப்ப வேண்டும். கர்ப்பிணிப் பெண் எந்த முடிவோடு வந்தாலும் அவளோடு சுகாதாரக் கிளினிக்குக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ துணைபோக, ஒவ்வொரு சபையும் இரண்டு பெண்களை நியமிக்க வேண்டும். தகப்பன் பெயர் தெரியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதைக் கைவிடத் தீர்மானம் வேண்டும். மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.