வேதாளம் கேட்காத கேள்வி

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் அவையில், மங்கலமான ஒரு நாளில், சுடுகாட்டையும் பிணத்தையும் வேதாளத்தையும் பேச்சுக்குரிய பொருளாக எடுப்பது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். ஆயினும் பழங்கதைகள் இக்காலத்து நூல்களிலும் திரைப்படங்களிலும் எவ்வாறு மறுபிறப்பு எடுக்கின்றன என்று ஆராயப் புகுவோர்க்கு, சென்னை நகரில் வேதாளத்தைவிட நல்ல வழித்துணை கிடைப்பது அரிது. அது இந்நகரில் நெடுங்காலம் குடியிருந்தது. அச்சகத்திலும் நாடக மேடையிலும் திரையிலும் உலவியது. இன்னும் மரத்தை விட்டு முற்றாக இறங்கியபாடில்லை.

கதையின் சட்டகம் அவையோர் அறிந்ததே. துறவி ஒருவனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, அரசன் நள்ளிரவில் சுடுகாட்டுக்குச் சென்று மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் சுமக்கிறான். பிணத்துள் புகுந்திருக்கும் வேதாளம் வழிநடைக் களைப்புத் தீர ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. அரசன் வாய் திறந்தால் பிணம் மரத்துக்கே திரும்பிவிடும். விடை தெரிந்தும் மௌனம் காத்தால் அவன் தலை வெடித்துச் சிதறும். பேசினால் கைப்பொருள் போகும். பேசாவிட்டால் உயிர் போகும். இத்தகைய இக்கட்டில் நாயகனை நிறுத்திய கதைகள் உலக இலக்கியத்தில் மிகச் சிலவே.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்துள் இந்த 25 கதைகளையும் அடக்கினார். அங்கே அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன்; பிணம் தொங்கிய மரம் சிம்சபா. தமிழுக்கு வந்தபோது அரசன் விக்கிரமாதித்தனானான். மரமோ முருங்கையாயிற்று. இஃது அற்பமான மாற்றம் அன்று. வீட்டுக் கொல்லையில் நிற்பதும், காற்றடித்தால் கிளை முறிவதும், பேய் குடியிருப்பதாகப் பாட்டிமார் அஞ்சியதுமான மரம் முருங்கை. தொலைதூரத்துக் கதை ஒன்று அந்த ஒரே சொல்லால் தமிழ்க் குடும்பத்தின் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. பிடிவாதம் திரும்பத் தலைதூக்கும்போதெல்லாம் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்று சொல்லும் வழக்கும் அதிலிருந்தே பிறந்தது. தமிழில் வழங்கிய வேதாளக் கதையைச் சென்னை அரசுப் பணியில் இருந்த பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1831இல் இலண்டனில் வெளிவந்தது. ஆக, மறுகூறல் என்பது புதுமைக்காலம் கண்டுபிடித்த உத்தி அன்று. கதை ஊர் மாறும்தோறும் மரமும் மாறியே வந்திருக்கிறது.

எனினும் எல்லா மாற்றமும் ஒரு தரத்தன அல்ல. மறுபடி சொல்பவர் கதையின் உடையை மாற்றலாம், அது முதற்படி. கதை தந்த விடையை மாற்றலாம். அது இரண்டாம் படி. கதை கேட்க மறந்த கேள்வியைக் கேட்கலாம். அது மூன்றாம் படி. சென்னையில் இம்மூன்றுக்கும் சான்றுகள் உள.

முதற்படியின் சிறந்த சான்று வடபழனியில் எழுந்தது. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினர். வேதாளக் கதை அவ்விதழின் உயிர்நாடியாயிற்று. மூலத்தில் இருந்தவை 25 கதைகளே. மாத இதழுக்கு அவை எம்மாத்திரம்? அவை தீர்ந்ததும் வேறு பல கதைகளை எடுத்து, இறுதியில் ஒரு கேள்வியைப் பொருத்தி, வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். 1952 முதல் 1980இல் மறையும்வரை அவ்விதழைப் பேணிய தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவின் கைவண்ணம் இதில் பெரிது. தோளில் பிணமும் கையில் வாளுமாக அரசன் நடக்கும் காட்சியை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியவர் ஓவியர் சங்கர். மயிலாப்பூர்க் கலைமகளில் பணியாற்றிப் பின் அம்புலிமாமாவுக்குச் சென்றவர் அவர். 2020இல் தம் 96ஆம் வயதில் மறைந்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இதே நாகி ரெட்டியும் சக்ரபாணியுமே தம் விஜயா நிறுவனத்தின் வாயிலாக 1951இல் பாதாள பைரவியைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தவர்கள். தெலுங்கின் காசி மஜிலிக் கதைகளும் அலாவுதீன் கதையும் அதில் கலந்துள்ளன. தோட்டக்காரன் மகன் இளவரசியை விரும்புகிறான். மந்திரவாதி அவனைப் பைரவிக்குப் பலியிட எண்ணுகிறான். பலியிட நினைத்தவனே பலியாகிறான். வேதாளக் கதையின் இறுதியிலும் துறவிக்கு நேர்வது இதுவே. ஒரே கூட்டத்தார் ஒரே கதைமரபை ஒரு கையால் அச்சிலும் மறுகையால் படச்சுருளிலும் ஏற்றினர் என்பது நினைவுகொள்ளத்தக்கது. மார்க்கஸ் பார்ட்லேயின் ஒளிப்பதிவு அந்த மாயங்களை மெய்போலக் காட்டியது.

ஆனால் இந்த முதற்படிக்கு ஓர் எல்லை உண்டு. அம்புலிமாமாவின் விக்கிரமன் ஒருநாளும் தவறான விடை சொன்னதில்லை. வேதாளம் கேட்கும், அரசன் தீர்ப்பளிப்பான், வேதாளம் பறக்கும். தி. நகரிலும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் அவ்விதழுக்குக் காத்திருந்த சிறுவர் சிறுமியர் கேள்விக்கும் விடைக்கும் இடையே ஒரு கணம் நின்று தாமும் எண்ணிப் பார்த்தனர். அது பெரும்பேறு. எனினும் தீர்ப்பு சொல்லும் உரிமை என்றும் அரசனுக்கே இருந்தது. கதைக்குள் யாருடைய வாழ்வு முறிந்ததோ, அவரிடம் வேதாளம் ஒன்றும் கேட்டதில்லை.

இந்தக் குறை மிகத் தெளிவாகத் தெரிவது தலைமாறிய கதையில். சோமதேவர் சொல்லும் வடிவில், மதனசுந்தரியின் கணவனும் உடன்பிறந்தானும் தேவி கோயிலில் தம் தலைகளைத் தாமே அரிந்து மாய்கின்றனர். உயிர்விடத் துணிந்த அவளைத் தேவி தடுத்து, தலைகளை உடல்களோடு பொருத்தச் சொல்கிறாள். பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவருள் கணவன் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. உறுப்புகளுள் தலையே தலைமையானது. ஆகவே கணவனின் தலை உடையவனே கணவன் என்பது அரசனின் விடை. வேதாளமும் ஏற்றுக்கொண்டு பறந்துவிடுகிறது. அந்த உடலோடு வாழப் போகிறவளின் கருத்தை இருவருமே கேட்கவில்லை.

1940இல் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் இக்கதையை எடுத்தாண்டார். அவர் கையாண்ட வடிவில் ஆடவர் இருவரும் நண்பர்கள். முனிவர் ஒருவர் தலைக்கே கணவன் என்ற பட்டத்தைத் தருகிறார். கதையோ அங்கே முடியவில்லை. நாளடைவில் உடல்கள் தலைகளுக்கேற்ப மாறிவிடுகின்றன, பெண்ணின் மனம் அமைதி காணவில்லை, மூவரும் மாய்கின்றனர். பழைய தீர்ப்புக்குப் பிறகு நடந்தது என்ன என்று பார்க்கத் துணிந்ததே அந்த மறுகூறலின் சிறப்பு. இதுவே இரண்டாம் படி.

அடுத்த படியை எடுத்தவர் கிரீஷ் கார்னாட். 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றியவர். மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவோடு நெருங்கிப் பழகியவர். 1971இல் கன்னடத்தில் வெளிவந்த அவருடைய ஹயவதனத்தின் ஆங்கில வடிவை அக்குழுவே 1972இல் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மேடையேற்றியது. அந்நாடகத்தில் பத்மினி தீர்ப்புக்குக் காத்து நிற்கும் பொருளாக இல்லை. கணவனின் அறிவையும் நண்பனின் உடலையும் ஒருசேர விரும்பியதை அவள் தன் நெஞ்சுக்கு மறைக்கவில்லை. தலைகள் மாறியது வெறும் பதற்றத்தாலா என்ற ஐயம் காண்போர் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. கணவன் யார் என்ற கேள்வி அங்கே பின்னுக்குச் செல்கிறது. ஒருத்தி முழுமையை விரும்பினால் உலகில் அவளுக்கு இடம் உண்டா என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. வேதாளம் கேட்காதுவிட்ட கேள்வி இதுவே.

இந்த மூன்றாம் படியைத் தமிழ் இன்னும் முன்னதாகவே எட்டியது. 1943இல் மயிலாப்பூர்க் கலைமகள் இதழில் புதுமைப்பித்தனின் சாபவிமோசனம் வெளிவந்தது. அகலிகையின் கதை வேதாளக் கதையைப் போன்ற கட்டுக்கதை அன்று, காப்பியத்தின் கிளை எனலாம். ஆயினும் கல் பெண்ணாவது குழந்தைகள் கேட்டு வளர்ந்த மாயக்கதைதானே! இராமனின் அடிபட்டு அகலிகை எழுந்ததோடு பழங்கதை மனநிறைவு கொண்டது. எழுந்தவள் மறுநாள் காலை எவ்வாறு வாழ்ந்தாள் என்று கேட்டார் புதுமைப்பித்தன். இராமன் கேட்டுச் சீதை தீக்குளித்த செய்தியை அவள் வாயாலேயே அறியும் அகலிகை, ஈற்றில் மீண்டும் கல்லாகிறாள். சாபம் நீங்கிய பின்னும் உலகம் மாறவில்லையெனில் விமோசனம் எவ்விடத்தது? கதைமாந்தர், நிகழ்ச்சிகள், காட்டின் தனிமை யாவும் பழையனவே. கேள்வி ஒன்றே புதியது. 2011இல் திருவான்மியூரின் தாரா பதிப்பகம், வங்கத்துச் சுருளோவிய மரபில் வந்த மொய்னா சித்ரகரின் படங்களோடும் சம்ஹிதா ஆர்னியின் உரையோடும் இராமகாதையைச் சீதையின் நோக்கில் ஆங்கில நூலாக்கியது. அகலிகை கல்லாகுமுன் கேட்டதற்கு அது மற்றொரு தலைமுறையின் எதிரொலி எனலாம்.

திரைக்கு மீண்டால், 2017இல் புஷ்கர் – காயத்ரி இணையர் இயக்கிய விக்ரம் வேதா நிற்கிறது. பிணம் தேடிச் செல்லும் அரசன் அங்கே என்கவுன்ட்டர் செய்யும் காவல் அதிகாரி. வேதாளம் வடசென்னையின் தாதா. வேதா தானே காவல் நிலையத்துக்கு நடந்து வருகிறான், கதை சொல்கிறான், கேள்வி கேட்கிறான், கைநழுவிப் போகிறான். நன்மைக்கும் தீமைக்கும் இடையே நேர்கோடு ஒன்று உண்டென நம்பிய அதிகாரி, தன் தோட்டாவுக்கு இரையானவன் குற்றவாளிதானா என்று தன்னையே கேட்கும் நிலைக்கு வருகிறான். அரசன் தீர்ப்பளிக்கும் கதையை, அரசனின் தீர்ப்பையே விசாரிக்கும் கதையாக மாற்றியது அப்படம். வேதாவுக்கு வழக்காடுபவள் அதிகாரியின் மனைவியே என்பது கருதத்தக்கது. இரு ஆடவர்க்கிடையே நிற்கும் பெண்ணுக்கு இம்முறை சட்டத்தின் மொழியேனும் கிடைத்தது. படம் தீர்ப்போடு முடியவில்லை. நீட்டிய துப்பாக்கிகளோடு உறைந்து நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழங்கதையைத் தலைகீழாக்குவதே புதுமை என்றொரு மயக்கம் இன்று பரவியுள்ளது. உறங்கும் அழகியின் கதையைச் சூனியக்காரியின் பக்கம் நின்று சொன்ன மெலிபிசென்ட் படம் 2014இல் வந்தது. அது தொட்ட உண்மை உண்டு. ஆனால் அதுவே வாய்பாடாகிவிட்டால், நேற்றைய தீயவர் எல்லாம் இன்றைய நல்லவர், நேற்றைய நல்லவர் எல்லாம் இன்றைய தீயவர் என்றாகிவிடும். இருக்கை மாறுகிறது, தீர்ப்பு மட்டும் அதே உறுதியோடு நீடிக்கிறது. பழைய அரசனின் விடையை நீக்கி அவ்விடத்தில் தம் விடையைப் பொறிப்பவர் புதிய அரசராகவே ஆகிறார். முழக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ற பழங்கதையைத் தேடும் கவிதைகளுக்கும் இது பொருந்தும். அகலிகையையும் சீதையையும் கண்ணகியையும் அழைத்துவந்து, கவிஞர் முன்பே அறிந்த ஒன்றை அவர்கள் வாயால் சொல்லவைப்பது மறுகூறல் ஆகாது. அது குரல்மாற்றம் மட்டுமே.

இதற்கு மருந்தும் வேதாளக் கதையிலேயே உண்டு. தந்தையும் மகனும் காட்டில் தாயும் மகளுமாகிய இருவரின் காலடிச் சுவடுகளைக் காண்கின்றனர். பெரிய அடி தாயுடையது என்று கருதி அவளைத் தந்தையும், சிறிய அடிக்கு உரியவளை மகனும் மணப்பதென உறுதி செய்கின்றனர். பெரிய அடி மகளுடையதாக இருந்துவிடுகிறது. தந்தை மகளையும் மகன் தாயையும் மணக்க, இரு வழியிலும் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? வேதாளத்தின் கடைசிக் கேள்வி இது. அரசன் எண்ணி எண்ணிப் பார்க்கிறான், விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அறிந்தும் மறைத்த மௌனமன்று ஆதலின் அவன் தலை வெடிக்கவில்லை. வேதாளம் மனம் மகிழ்ந்து, துறவியின் வஞ்சகத்தை வெளிப்படுத்தி அவன் உயிரைக் காக்கிறது. அத்தனை சரியான விடைகளாலும் அவனுக்குக் கிட்டாத வெற்றியை, நேர்மையான ஓர் அறியாமை தேடித் தந்தது.

கவிதை எழுதுவோர் இந்த இடத்தில் சற்று நிற்பது நலம். அறிந்ததை அறிந்தும் சொல்லாதிருக்கும் கவிஞனின் தலை வெடிக்கத்தான் வேண்டும். காலத்தின் அநீதி கண்முன் நிற்கையில் மௌனத்துக்கு மன்னிப்பில்லை. அறியாததை அறிந்ததுபோல் சொல்பவனுக்கோ பிணம் மரத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அவன் சுமை ஒருநாளும் இறங்காது. புதுமைப்பித்தன் அகலிகைக்கு ஆறுதல் மொழி எதுவும் எழுதிவைக்கவில்லை. அவள் கல்லானதோடு அவர் தம் விடையின்மையை ஒப்புக்கொண்டார். அதனால்தான் அக்கதை இன்றும் வாசகரை உறங்கவிடுவதில்லை.

அம்புலிமாமாவின் வேதாளம் அந்தக் கடைசிக் கேள்வியில் நின்றுவிடாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் பறந்தது. 2010களில் இதழே நின்றுபோனது. மாதந்தோறும் வீடு தேடி வந்த கேள்வி இப்போது வருவதில்லை. அதைக் கேட்கும் பொறுப்பு இனி இத்தகைய வட்டங்களையும் இவற்றில் அமர்ந்திருக்கும் கவிஞர்களையுமே சாரும். மரம் முருங்கையாக இருக்கலாம், மின்கம்பமாகவும் இருக்கலாம். சுமப்பவர் தோள் உண்மையாக இருந்தால் போதும். வேதாளம் பேசத் தொடங்கிவிடும்.