கட்சி பெரிதன்று, கொள்கை பெரிது எனக் கொண்ட சிவராஜ்



தோற்கும் கட்சிக்கு அளிக்கும் வாக்கு வீண்தானே என்று சென்ற தேர்தலின்போது நம் இளைஞர் ஒருவர் வினவினார். அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. ந. சிவராஜ் அவர்களின் வாழ்வைக் கொண்டு இன்று கூற முயல்கிறோம்.

1892இல் கடப்பையில் பிறந்த சிவராஜ், சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர், நீதிக்கட்சியில் பணியாற்றியவர், 1945இல் சென்னை மேயரானவர். இத்தகையவருக்குக் காங்கிரசில் இடமா கிடைக்காது? அவரோ 1942இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் முயற்சியால் தோன்றிய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் தலைமையை ஏற்றார்.

அது கரடுமுரடான பாதை. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் நமக்குத் தனி இடங்களைத் தந்தது. ஆனால் அவ்விடங்களுக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்போர் அனைத்துச் சாதியினருமே. ஆகவே பிறர் விரும்பும் வேட்பாளரே வென்றார். 1946இல் சம்மேளனம் படுதோல்வி கண்டது. 1952இல் பம்பாயில் அம்பேத்கரே தோற்றார் என்றால் மற்றவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1957இல் சிவராஜ் செங்கற்பட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அது அன்று இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரு இடங்களுள் ஒன்று நமக்குரியது. அம்முறை 1961இல் சட்டத்தின்மூலம் நீக்கப்பட்டது. 1957 அக்டோபரில் அமைந்த இந்தியக் குடியரசுக் கட்சிக்கும் அவரே முதல் தலைவர். 1964இல் மறையும்வரை அப்பொறுப்பை விடவில்லை. தமிழகத்தில் அக்கட்சி வேரூன்றவில்லை என்பதையும், பின்னாளில் பல பிரிவுகளாகச் சிதறியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இரு பெருங்கட்சிகளுக்கு வெளியே நின்ற யூஜீன் டெப்ஸ் ஐந்து முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். 1920இல் சிறையிலிருந்தே நின்று ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். ஒருமுறையும் வென்றாரில்லை. ஆனால் தம்மோடு நிற்போர் இத்தனை பேர் என்பதை எண்ணிக்கையாகவே ஆள்வோர்க்குக் காட்டினார். சிவராஜ் செய்ததும் அதுவே.

இக்கொல்லிமலையில் பழங்குடியினரே பெரும்பான்மையினர். சேந்தமங்கலம் தொகுதியும் முறைப்படி அவர்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் நமக்கு மனக்குறை இல்லை. நம் வீடுகளோ சில. நம் வாக்கால் மட்டும் எவரையும் வெல்லச் செய்ய இயலாது. பெரிய கட்சிக்கு அளித்தாலும் நம் வாக்கு அந்தக் கூட்டத்துள் கரைந்து, எவர் கண்ணுக்கும் படாமற் போகக்கூடும். வினவிய இளைஞர் இதையும் தம் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் இன்னும் உடன்பட்டவராகத் தோன்றவில்லை. தேநீர் வேளையில் அவரது மறுப்பைக் கேட்கக் காத்திருக்கிறோம்.