ஒரே கையில் இரண்டு கோல்: கோவா பேராயர் மெனேசஸ்



நெய்க்காரப்பட்டியிலிருந்து மேற்கே உடுமலை, பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தால் மலையாள நாடு. அங்கே நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் செய்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அலெய்ஷோ த மெனேசஸ் 1559இல் லிஸ்பனில் பிறந்தவர். அகுஸ்தீன் சபைத் துறவி. 1595இல் கோவாவின் பேராயரானார். 1607இல் வைஸ்ராய் மலாக்காவில் இறந்துபோக, போர்த்துகீசிய இந்தியாவின் ஆளுநர் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1609 வரை கப்பற்படையும் கருவூலமும் திருச்சபையும் அவர் ஒருவர் கையில் இருந்தன. இன்று இப்படி நடக்க வழியில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 285ஆம் விதி அருட்பணியாளர்கள் ஆட்சிப் பதவி ஏற்பதைத் தடுக்கிறது. ஆயராயிருந்த பெர்னாண்டோ லூகோ 2008இல் பராகுவே அதிபராகத் தேர்வானபோது, பதவியேற்புக்கு முன்பே திருத்தந்தை அவரைக் குருநிலையிலிருந்து விடுவித்தார்.

ஆளுநராவதற்கு வெகுமுன்பே மெனேசஸ் ஆட்சியாளராகத்தான் நடந்துகொண்டார் என்பது என் கருத்து. 1599இல் மலபாருக்கு வந்து சேர்ந்தவருக்கு இரண்டு வேலைகள். போர்த்துகீசியரைக் கடலில் எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டையைப் பிடிப்பது பற்றிக் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியோடு பேச வேண்டும். கல்தேய ஆயர்களைப் பின்பற்றிவந்த தோமா கிறிஸ்தவர்களைக் கோவாவுக்குக் கீழ் கொண்டுவர வேண்டும். அவர்களுடைய ஆயர் மார் ஆபிரகாம் 1597இல் காலமாகியிருந்தார். மெனேசஸ் ஊர் ஊராகச் சென்றார், தம் பக்கம் நிற்கப் பலருக்குக் குருப்பட்டம் கொடுத்தார், கொச்சி அரசரின் ஆதரவையும் பெற்றார். அவர்களின் தலைவரான அர்க்கதியாக்கோன் கீவர்கீஸ் கடைசியில் பணிந்தார்.

அதே 1599 ஜூன் 20 அன்று உதயம்பேரூரில் மெனேசஸ் கூட்டிய திருச்சபைச் சங்கம் தொடங்கியது. 153 குருக்கள், 660 பொதுநிலையினர், ஏழு நாள். முடிவுகள் முன்னமே எழுதப்பட்டிருந்தன. மலையாளத்தில் வாசிக்கப்பட்டன, ஒப்பம் வாங்கப்பட்டது. பிள்ளைகளை விற்கக் கூடாது என்றது அந்தச் சங்கம். அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் சுரியானி ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டதும் அதுவே. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்த வழிபாட்டு ஏடுகள் நெருப்பில் போயின. அந்த இழப்பை எந்த நற்செயலைக் கொண்டும் என்னால் ஈடுகட்டிப் பார்க்க முடியவில்லை.

இதற்கு மாறான வழியும் இருந்தது. 1606இல் மறைப்பணியாளர் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அது நாயக்கர் சீமை. போர்த்துகீசியப் பீரங்கி எட்டாத இடம். அவர் தமிழும் வடமொழியும் கற்று, காவியுடுத்தி வாதாடினார். கேட்டவர்களுக்கு அவரை மறுத்து எழுந்துபோகும் உரிமை இருந்தது. உதயம்பேரூரில் கூடியவர்களுக்கு அது இல்லை.

மெனேசஸ் பின்னர் பிராகாவின் பேராயராகி, போர்த்துகலின் வைஸ்ராயுமாகி, 1617இல் மாட்ரிட்டில் இறந்தார். அவர் வாங்கிய பணிவு நிலைக்கவில்லை. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்ட தோமா கிறிஸ்தவர்கள், அப்போது தங்களுக்கு மேலிருந்த இயேசு சபைப் பேராயருக்கு இனி அடங்குவதில்லை என்று சிலுவையின் முன் சத்தியம் செய்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருக்கள் சேர்ந்து, தங்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமீது கைவைத்து அவரைத் தங்கள் ஆயராக்கினார்கள்.