இரண்டு மடைகள்

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தைக் கண்டவர்கள் நீர்க்கட்டியை அறிவார்கள். கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. வயலின் வாய்மடையைத் திறப்பவர் உழவர். அவர் எவ்வளவு அகலத் திறந்தாலும், மேல்மடை விட்ட அளவு நீரே வயலை வந்தடையும்.

சில மோட்டார் சைக்கிள்களில் இயந்திரத்துக்குக் காற்றுச் செல்லும் வழியிலும் இவ்வாறே இரண்டு மடைகள் உண்டு. சுசூகி நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டு ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 வண்டியிலும், 2008ஆம் ஆண்டு ஹயபுசாவிலும் இவ்வமைப்பைக் காணலாம். கீழ்த்தட்டு, ஓட்டுநர் திருகும் கைப்பிடியோடு கேபிளால் இணைந்தது. மேல்தட்டை அசைப்பது ஒரு சிறு மோட்டார். அதற்குக் கட்டளையிடுவது வண்டியின் கணினி. கைப்பிடியைச் சட்டெனத் திருகும்போது காற்று ஒரேயடியாகப் பாய்ந்து இயந்திரம் திணறாதபடி காப்பதே மேல்தட்டின் பணி. அது எந்நிலையில் நிற்கிறது என்பதை ஒரு சென்சார் மின்னழுத்தமாகக் கணினிக்கு அறிவிக்கிறது.

அலங்காநல்லூர்ச் சாலையில் ஓர் இளைஞர் இத்தகைய வண்டியில் லாரியொன்றைக் கடக்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே பேருந்து வருகிறது. கைப்பிடியை முழுதும் திருகியும் வண்டி வேகங்கொள்ளவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இப்பழுது உயிரோடு விளையாடுவது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பட்டறையில் சோதித்தால் 28 என்ற எண் தோன்றலாம். அது மோட்டாரைக் குறிக்கும். 29 தோன்றினால் அது சென்சாரைக் குறிக்கும். உடனே அப்பொருளை வாங்கி மாற்றிவிடுவது அவசரக்காரர் வழக்கம். விலையோ மிகுதி, மாற்றிய பின்னும் விளக்கு எரிந்தால் என் செய்வது? எண் சொல்வது, அந்த மின்சுற்றில் எங்கோ கோளாறு உள்ளது என்பதை மட்டுமே.

ஆகவே முதலில் பாட்டரியைச் சோதியுங்கள். வலுவிழந்த பாட்டரி பொய்க்குறிகளைத் தோற்றுவிக்கும். அடுத்து ஒயர் இணைப்புகளைக் கழற்றிப் பாருங்கள். ஐப்பசி மழையின் ஈரம் புகுந்தால் அவற்றில் பச்சைக் களிம்பு படியும். ஒயர் எங்கேனும் உராய்ந்து அறுந்துள்ளதா என்றும் காணவேண்டும்.

பின்னர்க் காற்று வடிகட்டியை அகற்றி, இயந்திரத்தை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மேல்தட்டு தானே அசைந்து நிற்க வேண்டும். அசையவில்லையெனில், சாவியை அணைத்து, மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, தட்டை மெல்லத் தொட்டுப் பாருங்கள். இறுகியிருந்தால் அழுக்கைத் துடையுங்கள். இலகுவாக அசைந்தால் மோட்டாரின் மின்தடையை அளவுங்கள். திறந்த துளைகளில் திருகாணி விழாதபடி துணியால் மூடுவது மிக முக்கியம்.

சென்சாருக்கு ஏறக்குறைய 5 வோல்ட் மின்சாரம் வருகிறதா என்றும் அளந்து பாருங்கள். தட்டு திறக்கத் திறக்க, அது தரும் அளவு சீராக உயரவேண்டும். இடையில் துள்ளினால் சென்சார் தேய்ந்தது எனத் துணியலாம். பொருளை மாற்றுவது இதற்குப் பின்னரே.

2020ஆம் ஆண்டின் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின், நம் ஊர்ச் சாதாரண வண்டிகளிலும் கணினி இடம்பெற்றுவிட்டது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மோட்டார்த் தொழிலுக்கு அடிகோலிய மதுரையில், இக்கலையைக் கற்க மாணவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. கடைமடையில் நீர் வற்றினால், அனுபவமிக்க நீர்க்கட்டி மடையை இடிக்கமாட்டார்; மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுகிலும் நடந்து, அடைப்பு எங்கே என்று பார்ப்பார். இயந்திரத்தின் முன் நிற்கும் மாணவனுக்கும் அப்பொறுமையே முதற் கருவி.