தலையெழுத்தா? தூரமா?
(பேசின் பிரிட்ஜில் பேசியதன் சாரம்)

தோழர்களே! இக்கூட்டத்திற்கு முன் ஒரு தாய் நம்மிடம் வந்தார். குடும்பத்தைப் பெரும்பாக்கத்திற்குக் குடிமாற்றிவிட்டார்களாம். ஏழு வயதுப் பெண்ணை இந்தப் பேசின் பிரிட்ஜ் பழைய பள்ளிக்கே அனுப்பலாமா, அங்கேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெரியவர், "எல்லாம் தலையெழுத்துப்படி நடக்கும்" என்றார். தலையெழுத்தை எழுதியவன் பஸ் நேரத்தையும் சேர்த்து எழுதினானோ என்னவோ!

கணக்குப் பார்ப்போம். இருபது கிலோமீட்டருக்கு மேல் வழி, இரண்டு பஸ். போகவர நாலு மணி நேரமாகிறதென்று அத்தாயே சொல்லுகிறார். 1920ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது, பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாதென்றுதானே? தூங்கி வழியும் பிள்ளைக்கு மட்டும் ஏறுமா? 2023ல் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலெல்லாம் காலை உணவும் போட ஆரம்பித்தார்கள். பஸ் தாமதித்தால் அதுவும் போச்சு.

ஆனாலும் தாய் பேச்சில் நியாயமில்லாமலில்லை. சிறு பள்ளி, வாத்தியாரம்மா ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். நடுவருஷத்தில் புது இடமென்றால் பிள்ளை மிரளத்தான் செய்யும். சத்தியவாணிமுத்து நகர் ஜனங்களை 2019 டிசம்பரில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றியனுப்ப ஆரம்பித்தார்களே, பரீட்சை முடியும்வரை பொறுத்திருந்தால் கூவம் எங்கேயாவது ஓடிப்போயிருக்குமா?

ஆகவே நாம் சொன்னது: இந்த வருஷப் பரீட்சை இங்கேயே முடியட்டும், ஜூனில் அங்கே சேருங்கள். முதல் ஐந்து வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டுமென்று நம் ராஜ்யத்தின் 2011ஆம் வருஷ விதியே சொல்லுகிறது. இடமோ வாத்தியாரோ போதாவிட்டால் நாலு தாய்மார் சேர்ந்து மனுக் கொடுங்கள். உண்டியலில் போடும் காசில் காகிதம் வாங்கலாம். எழுதிக்கொடுக்க நம் தோழர்கள் ஞாயிறு காலை இவ்விடமே இருப்பார்கள்.