தேர்வுக்கும் ஒரு கால அட்டவணை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, உயர்படிப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். இருபது ஆண்டுகள் கால அட்டவணையோடு உறவாடியவன். தேர்வு எழுதிய பெண்ணொருத்தியின் தந்தை. இவையே என் தகுதி.

நம் நாகபுரியில் 2015ஆம் ஆண்டு ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியது. அத்தகைய கழகங்களில் சேர்வதற்கு வாயில் 'கேட்' என்னும் நுழைவுத் தேர்வு. ஆண்டுக்கு ஒரே முறை, அண்மை ஆண்டுகளில் நவம்பர்க் கடைசி ஞாயிறன்று நடந்து வருகிறது. மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். ஒன்றில் மிஞ்சிய நிமிடத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல இயலாது.

என் மூத்த மகள் பட்டம் பெற்றுப் பணிபுரிகின்றாள். சென்ற ஆண்டு ஜூன் மாதம், "அப்பா, வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். அத்தோடு நில்லாமல், இரவு எட்டு முதல் ஒரு மணி வரை படிக்குமாறு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பத்தாம் நாள் அவள் மேசைமீதே தலைசாய்த்து உறங்கிவிட்டாள். பிழை அவளுடையதன்று, என்னுடையதே.

பின்னர் இருவரும் அமர்ந்து புதிதாக எழுதினோம். உறக்கம், அலுவல், பயணம் ஆகியவற்றை முதலில் கழித்தோம். மிஞ்சியது வைகறையில் இரண்டு மணி நேரம். அந்நேரத்தில் அவளை எவரும் அழைக்கலாகாது என்று வீட்டில் சட்டமாயிற்று. பால் வாங்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வு. மறுநாள் அதன் பிழைகளை ஆராய்தல். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். ஆதலின் எதனை விடுவது என்று அறிதலும் படிப்பின் பகுதியே.

ஐந்து மாதம் போதவில்லை. நேர்முகத்திற்கு அழைப்பு வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஆயினும் வேலை கையில் இருந்தமையால் மனம் உடையவில்லை. இவ்வாண்டு பிப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கிவிட்டாள்.

மாணவச் செல்வங்களே! கல்லூரி இறுதியாண்டிலேயே நீங்கள் இத்தேர்வை எழுதலாம். ஆண்டுத் தொடக்கத்தில் அடிப்படைக் கணக்கும் நாள்தோறும் ஆங்கில வாசிப்பும், ஜூலை முதல் மாதிரித் தேர்வுகளும் என வகுத்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தேர்வையும் கோடையில் ஊர் செல்லும் நாட்களையும் முன்னரே குறித்துவிடுங்கள்.

பெற்றோர்களே! ஊருக்குச் செல்லும் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்னரே விழித்திருக்கின்றோம். பிள்ளைகளின் தேர்வுக்குப் பத்து மாதம் முன்னரே அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். அவர்கள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்துங்கள்.