ராகிக்கு யார் பணம் கொடுப்பார்?



ஓசூர், கிருஷ்ணகிரி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிப்காட் தொழிற்பேட்டை. அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் பைக், டைட்டன் கடிகாரம், இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர். ஆனால் தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டமும் கிருஷ்ணகிரிதான். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் மழையை மட்டும் நம்பி, அவரையை ஊடுபயிராகப் போட்டு, இன்றும் ராகி விதைக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் ஆராய்ச்சி நடந்தால் அதன் செலவை முதலாளி ஏற்கிறார். ராகியை ஆராய்ச்சி செய்தால் அந்தச் செலவை யார் ஏற்பார்கள்? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

ராகி தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பயிர். ஒருமுறை நல்ல விதை கைக்கு வந்துவிட்டால், அறுவடையில் தேறிய கதிர்களை எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் விதைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு படி கொடுக்கலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் அப்படியில்லை. அதற்கு ஆண்டுதோறும் கடைக்குப் போய் விதை வாங்கியாக வேண்டும். அதனால் மக்காச்சோள ஆராய்ச்சியில் கம்பெனிகள் தாராளமாகப் பணம் போடுகின்றன. ராகியில் போட்டால் போட்ட பணம் திரும்பி வராது. இதில் கம்பெனிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து வைத்திருக்கும் தானியம் இது. குறைந்த மழையிலும் விளைந்து ஏழை வயிற்றை நிறைக்கும் தானியம். அதை யாராவது ஆராய்ந்துதானே ஆக வேண்டும்? ஆராய்ந்தார்கள். அரசு செலவழித்தது. அதாவது, நாம் எல்லோரும் கட்டிய வரி செலவானது.

இந்தக் கதை பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அப்போது கிருஷ்ணகிரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. விவசாயத்தை அறிவியல் முறையில் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுவடைந்தது. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறியது. படிப்பும் ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் நடந்தன. 1971-ல் அந்த வேரிலிருந்துதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எழுந்தது.

கோவையில் சிறுதானிய ஆராய்ச்சியை வளர்த்தவர் ஜி. என். ரங்கசாமி ஐயங்கார். ராகிப் பூ மிகமிகச் சிறியது. ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்துக்குக் கையால் மாற்றுவது பெரும்பாடு. அதற்கு 1930களில் அவர் ஓர் எளிய வழி கண்டார். பூக்கும் நேரத்தில் இரண்டு ரகங்களின் கதிர்களையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒன்று பச்சைச் செடி, மற்றொன்று ஊதாச் செடி. பச்சைச் செடியின் விதையை எடுத்து விதைத்தால் பெரும்பாலான நாற்றுகள் பச்சையாகவே வரும். இடையே சில ஊதா நாற்றுகள் தலைகாட்டும். அவைதான் கலப்பு. சம்பளம், நிலம், கூலி அத்தனையும் அரசுப் பணம். லாபக் கணக்குப் பார்க்கும் எவரும் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் மண்டியாவில் உள்ள வி.சி. பண்ணையில், லட்சுமணய்யா என்ற அறிஞர் 1960களில் இன்னும் ஒரு படி மேலே போனார். ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அங்குள்ள ரகங்களுக்குத் தடித்த தண்டு, பருத்த கதிர். அவற்றை நம் நாட்டு ரகங்களோடு கலந்து அவர் உருவாக்கியவைதான் 'இண்டாஃப்' ரகங்கள். கர்நாடகத்தின் ராகி விளைச்சல் ஏறியதற்கு அவை பெரிய காரணம். மக்கள் அவரை 'ராகி லட்சுமணய்யா' என்றே அழைத்தார்கள்.

நம் பக்கம் காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் 1, பையூர் 2 என்ற ராகி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. 

ஒரு ரகம் எப்படி வெளிவருகிறது என்று பாருங்கள். கலப்புச் செய்த பிறகு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்த ஆறேழு பருவம் வேண்டும். பிறகு நிலையத்துக்குள் விளைச்சல் சோதனை, அடுத்து பல ஊர்களில் சோதனை, கடைசியில் விவசாயிகளின் வயலிலேயே சோதனை. குலை நோயைத் தாங்குகிறதா, பழைய ரகத்தைவிடக் கூடுதலாகத் தருகிறதா என்று பார்த்து வெளியீட்டுக் குழு ஒப்புதல் தரும். அதற்குப் பிறகும் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று மூன்று படி தாண்டித்தான் உங்கள் கைக்கு வரும். பத்து ஆண்டுகள் சாதாரணமாக ஆகிவிடும். தொடங்கியவர் ஓய்வுபெற்ற பிறகு பலன் வருவதும் உண்டு.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் வரும் வழியையும் சொல்கிறேன். 1929-ல் உருவான இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், ஒவ்வொரு பயிருக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்களை நடத்துகிறது. வேளாண் பல்கலைக்கழகங்களில் உள்ள மையங்களுக்கு மத்திய அரசு 75 பங்கும் மாநில அரசு 25 பங்கும் தருவது நெடுங்கால வழக்கம். சிறுதானியத் திட்டத்துக்கான ஒருங்கிணைப்பு அலுவலகம் பல ஆண்டுகள் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருந்தது. ஒரே விதைத் தொகுப்பை கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே பருவத்தில் விதைத்து ஒப்பிட்டார்கள். இரு மாநிலங்களுக்கும் இடையே தண்ணீருக்காகப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் விதை எல்லை தாண்டிப் போய்வந்தது.

பிற அறிவியல் துறைகளுக்கு வேறு வழி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-ல், அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆர் உருவானது. வேதியியலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரோடு சேர்ந்து அதற்குப் பாடுபட்டவர் நம் ஆற்காடு ராமசாமி முதலியார். விடுதலைக்குப் பிறகு தேசிய ஆய்வுக்கூடங்கள் வரிசையாக எழுந்தன. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. ஆராய்ச்சி ஆய்வுக்கூடங்களுக்கும், பாடம் நடத்துவது பல்கலைக்கழகங்களுக்கும் என்று பிரிந்துபோனது. இயற்பியலாளர் மேகநாத் சாகா இதை அப்போதே எதிர்த்தார். 1956-ல் சட்டபூர்வ அமைப்பான பல்கலைக்கழக மானியக் குழுவும், 1971-ல் வந்த அறிவியல் தொழில்நுட்பத் துறையும் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தந்தன. இருந்தும் அந்தப் பிரிவினையின் தழும்பு இன்றும் தெரிகிறது.

இந்த நிதி ஒரு பேராசிரியருக்கு எப்படிக் கிடைக்கிறது? அவர் தன் கேள்வியை எழுதி விண்ணப்பிக்கிறார். அதே துறை அறிந்த மற்ற அறிஞர்கள் படித்து மதிப்பிடுகிறார்கள். தேறினால் வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு நிதி. அது பேராசிரியரின் பைக்குப் போவதில்லை. கல்லூரிக் கணக்குக்கு வருகிறது. கருவி, வேதிப்பொருள், பயணம், ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை என்று தலைப்பு வாரியாகத்தான் செலவழிக்கலாம். இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. கணக்குக் கேட்பது நியாயமே, அது மக்கள் பணம். ஆனால் தவணை தாமதமானால் என்ன ஆகும்? ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடியில் வர வேண்டிய பணம் ஐப்பசியில் வந்தால், ராகி ஆராய்ச்சியில் ஒரு முழு ஆண்டு போயிற்று.

வயலை விட்டுத் தொழிற்சாலைக்கு வருவோம். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் உருவாகும் மின்சார ஸ்கூட்டரின் உயிர் அதன் லித்தியம் பேட்டரி. இந்த பேட்டரிக்கு வழி திறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று, 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு செய்தது. அவரோடு ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து உழைத்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான். ஸ்கூட்டர் விற்கும் எந்தக் கம்பெனியும் 1980-ல் அந்த ஆய்வுக்குப் பணம் தந்திருக்காது. அப்போது அப்படியொரு சந்தையே இல்லை. கம்பெனி நாளைய பொருளுக்குச் செலவழிக்கும். நாற்பது ஆண்டு கழித்து வரப்போகும் பொருளுக்குப் பொதுப்பணம்தான் வேர்.

நம் நாட்டில் ஆராய்ச்சிக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது? 2020-21 கணக்குப்படி, அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவழித்தது நாட்டின் உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம். தென் கொரியா ஐந்து சதவீதத்தை நெருங்குகிறது. நம்முடைய அந்தச் சிறு தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதிலும் பெரும்பகுதி ஐஐடி போன்ற பெரிய நிறுவனங்களுக்குப் போகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பதோ மாநிலப் பல்கலைக்கழகங்களில். கிருஷ்ணகிரி, ஓசூர் கலைக் கல்லூரிகளிலும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும்.

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாகியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது திட்டம். அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மீதி 36,000 கோடியைத் தொழில்துறை, நன்கொடையாளர் போன்றவர்களிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கைதூக்கிவிடுவதும் அதன் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சொல் காப்பாற்றப்பட வேண்டும். தனியார் பணம் வரட்டும், வரவேற்போம். ஆனால் அரசின் பங்கு சுருங்கினால், யாருக்கும் லாபம் தராத கேள்விகள் அனாதையாகிவிடும். ராகியின் குலை நோய் அப்படிப்பட்ட கேள்வி. தொழிற்பேட்டைக்குக் கீழே நிலத்தடி நீர் என்ன ஆகிறது என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். அதைக் கேட்கும் சுதந்திரம் கல்லூரி ஆய்வகத்துக்கு வேண்டும். அந்த ஆய்வகத்துக்குச் சோறு போடுபவர் தொழிற்பேட்டையாக மட்டும் இருக்கக்கூடாது.

நேயர்களே, இந்த வட்டாரத்து மாணவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் கல்லூரி மாணவர்களின் செயல்திட்டங்களுக்குச் சிறு நிதியுதவி தருகிறது. உங்கள் ஊர்க் கிணற்று நீரையோ மண்ணையோ பற்றி ஒரு கேள்வி இருந்தால், ஆசிரியரோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுங்கள். விவசாயிகளே, உங்கள் வயலின் சிக்கலைப் பையூருக்கு எடுத்துச் செல்லுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நிலையம் உங்கள் பணத்தில் நடக்கிறது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் சாலையும் பாலமும் கேட்கும்போது, நம் கல்லூரிக்கு ஓர் ஆய்வகமும் கேளுங்கள். அதற்கான பணம் பருவம் தவறாமல் வர வேண்டும் என்றும் கேளுங்கள்.